ஜீயின் நானோதுகள் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

மக்காச்சோளப் புரதமான ஜீயினுக்குள் மஞ்சளின் குர்குமினை அடைக்கும் வேலையில் முதல் நாள் பெரும்பாலும் நன்றாகவே போகும். ஊற்றினால் பால்போல ஆகும். பக்கத்து மேசைக்காரர்கள்கூட வந்து எட்டிப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் காலையில் பீக்கரின் அடியில் மஞ்சள் மண்டி இருக்கும். அந்தக் காலை நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தாவரப் புரதங்கள் எத்தனையோ இருக்க, ஜீயினை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1821-ல் ஜான் கோரம் இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்த நாளிலிருந்தே தெரிந்த விஷயம்: இது தண்ணீரில் கரையாது, தண்ணீர் கலந்த ஆல்கஹாலில் கரையும். குர்குமினும் அதே ரகம். இரண்டையும் எத்தனாலில் சேர்த்துக் கரைத்துத் தண்ணீரில் ஊற்றினால், எத்தனால் சட்டென்று தண்ணீரோடு போய்விடும். நிற்க இடமில்லாமல் ஜீயின் சுருண்டு உருண்டையாகும்போது குர்குமினையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். செய்முறை அவ்வளவுதான். தப்பு நடக்கும் இடங்கள்தான் ஏராளம்.

சரியாக வந்தால் எப்படி இருக்கும்

இது தெரியாமல் பிழை தேட முடியாது. நான் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் அளவு இது: 80 சதவீத எத்தனால் 10 மில்லி, அதில் ஜீயின் 100 மில்லிகிராம், குர்குமின் 10 மில்லிகிராம். பி.எச். 4-க்குக் கொண்டுவந்த வடிநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) 30 மில்லியை மேக்னடிக் ஸ்டிரரில் 800 முதல் 1000 ஆர்.பி.எம். வேகத்தில் சுழலவிட்டு, அதற்குள் இந்தக் கரைசலை ஊற்ற வேண்டும். அப்புறம் ரோட்டாவேப்பில் (வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் சுழல் குடுவைக் கருவி) 40 டிகிரியில் எத்தனாலை எடுத்துவிட்டு, குறைந்த தண்ணீரைச் சேர்த்து 30 மில்லி ஆக்க வேண்டும்.

வந்திருக்க வேண்டியது: மஞ்சள் நிறம், லேசான பால்தன்மை, பீக்கரைச் சாய்த்தால் கண்ணாடியில் துகள் ஒட்டாமை. துகள் அளவு 80 முதல் 150 நானோமீட்டருக்குள், பி.டி.ஐ. (துகள் அளவுகள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்ற எண்) 0.2 பக்கம், ஜீட்டா பொட்டன்ஷியல் (துகள் மேற்பரப்பின் மின்சுமையைக் காட்டும் எண்) பிளஸ் 20 மில்லிவோல்ட்டுக்கு மேல். குர்குமின் போடாமல் வெறும் ஜீயின் துகளையும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே செய்து வையுங்கள். பாதிப் பிழைகளைக் காட்டிக்கொடுப்பது அந்த வெற்றுத் துகள்தான். பின்னால் இரண்டு மூன்று இடங்களில் அது வரும்.

ஜீயின் கரையவே மாட்டேன் என்கிறது

பீக்கரில் என்ன எத்தனால் இருக்கிறது என்று பாருங்கள். ‘சுத்தமானது நல்லதுதானே’ என்று 99.9 சதவீதத்தை எடுத்திருந்தால் காலம் முழுக்கக் கலக்கினாலும் கரையாது. ஜீயினுக்குத் தண்ணீரும் வேண்டும். 60 முதல் 90 சதவீதம் வரை ஒத்துக்கொள்ளும், 70 – 80 வசதியானது. எத்தனாலையும் தண்ணீரையும் முதலில் கலந்து வைத்துவிட்டு, சுழன்றுகொண்டிருக்கும்போது பொடியைத் தூவுங்கள். பொடியின் மேல் ஊற்றினால் ரவை கட்டி தட்டுவதுபோல வெளியே பசை, உள்ளே உலர்ந்த மாவு என்று ஆகிவிடும்.

விகிதம் சரியாக இருந்தும் அடியில் கொஞ்சம் மிச்சம் நின்றால், பழைய பொடியாக இருக்கலாம். சென்ட்ரிஃபியூஜ் செய்து தெளிவை எடுங்கள். ஆனால் எடை குறைந்ததைக் கணக்கில் சேருங்கள். 100 மில்லிகிராம் போட்டேன் என்று நோட்டில் எழுதிவிட்டு 15 மில்லிகிராமைக் குப்பையில் போட்டால் பின்னால் வரும் எல்லா விகிதமும் தப்பு. கரைசலை நாள்கணக்கில் வைக்கவும் வேண்டாம். அடர்த்தியான ஜீயின் கரைசல் நின்றுநின்று ஜெல்லாகிவிடும்.

ஊற்றியவுடன் நூல் நூலாகத் திரண்டு, ஸ்டிரர் காந்தத்தில் சூயிங்கம் மாதிரி சுற்றிக்கொள்கிறது

கலக்கம் போதவில்லை. சொட்டு விழும் இடத்தில் எத்தனால் 40, 50 சதவீதமாக ஒரு கணம் நின்றால் ஜீயின் அங்கே கரையவும் மாட்டாது, உறுதியான துகளாகவும் ஆகாது. பிசுபிசுவென்று இளகிய நிலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டத்தை எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறதோ அவ்வளவு சிறிய துகள்.

ஆகவே, ஊசியின் நுனி சுழலின் நடுப்பக்கமாகத் தண்ணீருக்குள் முங்கியிருக்கட்டும். ஓரமாகக் கண்ணாடியில் வழியவிடாதீர்கள். அகலமான பீக்கரில் சின்னக் காந்தம் போட்டால் நடுவில் மட்டும் சுழலும், ஓரம் தூங்கும். ‘மெதுவாகச் சொட்டுச் சொட்டாக’ என்று பல செய்முறைகளில் இருக்கும். என் அனுபவத்தில் வேகமாக, ஒரே சீராக ஊற்றியதுதான் நன்றாக வந்தது. மெதுவாகச் சொட்டும்போது கடைசிச் சொட்டுகள் ஏற்கெனவே எத்தனால் ஏறிய தண்ணீரில் விழுகின்றன, முதல் சொட்டும் கடைசிச் சொட்டும் ஒரே துகளைத் தருவதில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் திரண்டால் ஜீயினின் அடர்த்தியைப் பாதியாக்குங்கள். இல்லாவிட்டால் தண்ணீரை 30 மில்லியிலிருந்து 50 ஆக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

அன்று நன்றாக இருந்தது, மறுநாள் மண்டி

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். செய்முறையைக் குற்றம் சொல்லும் முன் பி.எச். மீட்டரை எடுங்கள்.

ஜீயினின் சமமின்புள்ளி, அதாவது அதன் மொத்த மின்சுமை பூஜ்யமாகும் பி.எச்., 6.2 பக்கத்தில் இருக்கிறது. 4-ல் துகள்களின் மேல் நேர்மின்சுமை நிறைய இருக்கும், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். 6-ஐ நெருங்க நெருங்க அந்தச் சுமை கரைந்துபோகும். தள்ள எதுவும் இல்லாதபோது, தண்ணீரைப் பிடிக்காத இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க யாரும் இல்லை. பால் திரிவதுபோலத் திரிந்துவிடும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கோடையில் வடிநீர்க் கருவி பழுதாகிவிட்டது. சரிபார்க்க ஆள் வரும்வரை குடிக்கிற கேன் தண்ணீரிலேயே செய்தோம். ஒரு வாரம் எதுவுமே நிற்கவில்லை. புதிதாக வாங்கிய ஜீயின் பொடிதான் மோசம் என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்பப் பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. கடைசியில் ஒருவர் சும்மா மீட்டரைத் தண்ணீரில் விட்டார்: 6.4. சமமின்புள்ளிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டு, ஏன் திரிகிறது என்று ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். பெட்டியைப் பிரித்துப் பொடியை ஃப்ரிட்ஜில் வைத்தோம்.

தண்ணீரில் பி.எச். மட்டும் பிரச்சினை இல்லை, உப்பும்தான். போர் தண்ணீரின் கால்சியம், பைகார்பனேட், கேன் தண்ணீரில் மிச்சமிருக்கும் தாதுக்கள் எல்லாம் துகளின் மின்சுமையை மறைக்கும். அதேபோல, பி.எச். பிடிக்க சிட்ரேட் பஃபர் போடும் பழக்கம் உண்டு. நேர்மின்சுமைத் துகளுக்கு நடுவே பல எதிர்மின்சுமை தாங்கும் சிட்ரேட்டைப் போடுவது, நீங்களே திரிய வைப்பதுபோல. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிடித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை: எத்தனால் இருக்கும்போது மீட்டர் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஊற்றுவதற்கு முன் தண்ணீரில் ஒரு தடவை, எத்தனாலை எடுத்த பிறகு ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை என்று மூன்று எண்ணையும் எழுதி வையுங்கள். முதலுக்கும் மூன்றாவதுக்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

பி.எச். 4-லேயே நிற்கிறது, உப்பும் இல்லை, ஆனாலும் மண்டி விழுகிறது என்றால் அந்த மண்டியில் ஒரு துளியைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ஆரஞ்சு நிற ஊசிகளாகத் தெரிந்தால் அது ஜீயினே இல்லை, உள்ளே போகாமல் படிகமான குர்குமின். விகிதம் அதிகம் என்று அர்த்தம். பத்துக்கு ஒன்று என்பதைத் தாண்டி ஐந்துக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று ஆசைப்படும்போது இது வரும். உருண்டை உருண்டையாகச் சாம்பல் கலந்து தெரிந்தால், குர்குமினுக்குப் பதில் யாரோ மஞ்சள்தூளையே போட்டிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. மஞ்சள்தூளில் குர்குமின் சில சதவீதம்தான், மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது மண்டியாகத்தான் விழும்.

துகள் அளவு தினம் ஒரு எண் காட்டுகிறது

ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைச் சொல்லும் டி.எல்.எஸ். கருவி பொய் சொல்லாது, ஆனால் நாம் சொன்னதை அப்படியே நம்பிவிடும். அதனிடம் ‘இது தண்ணீர்’ என்று சொல்லிவிட்டு எத்தனால் கலந்ததைக் கொடுத்தால் அளவு தாறுமாறாக ஏறும். கருவி அளப்பது துகள் எவ்வளவு வேகமாக அலைகிறது என்பதைத்தான். கொழகொழப்பான ஊடகத்தில் துகள் மெதுவாக அலையும். மெதுவாக அலைந்தால் பெரிய துகள் என்று கருவி எடுத்துக்கொள்ளும். 25 டிகிரியில் தண்ணீரின் பிசுக்குமை (கொழகொழப்பின் அளவு) 0.89 மில்லிபாஸ்கல்-விநாடி. நம் அடிப்படை அளவில் ஊற்றி முடித்தவுடன் எத்தனால் 20 சதவீதம் இருக்கும். அந்தக் கலவையின் பிசுக்குமை 1.6-க்கு மேல். அதாவது 100 நானோமீட்டர் துகள் ஏறக்குறைய 180 என்று தெரியும். எத்தனாலை எடுத்தபின் துகள் ‘சுருங்கிவிட்டது’ என்று சந்தோஷப்படுகிறவர்களில் பாதிப்பேர் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

அடுத்தது நீர்க்க வைப்பது. நன்றாக இருந்த கலங்கல், அளவெடுக்க நூறு மடங்கு நீர்த்தவுடன் திரிந்துவிடுகிறது என்பார்கள். திறந்து வைத்த வடிநீர் காற்றின் கார்பன் டை ஆக்சைடை இழுத்து 5.5, 5.8 என்று நிற்கும். 4-ல் இருந்த கலங்கலை அதில் நூறு மடங்கு கலந்தால் பி.எச். ஐந்தரைப் பக்கம் போய்விடும். கியூவெட்டுக்குள்ளேயே (அளவெடுக்கும் சின்னக் குப்பி) சமமின்புள்ளியை நோக்கி நடக்க வைக்கிறோம். நீர்க்கும் தண்ணீரையும் 4-க்குக் கொண்டுவந்து வையுங்கள், ஒரு பாட்டிலில் தனியாக.

பி.டி.ஐ. 0.4-ஐத் தாண்டினால் சராசரி அளவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஒளிச்சிதறல் துகள் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுவதால், பத்து மடங்கு பெரிய ஒரே ஒரு தூசி பத்து லட்சம் நல்ல துகள்களின் குரலில் பேசும். அதற்காக உடனே 0.45 மைக்ரான் சிரிஞ்ச் வடிகட்டியைத் தேடாதீர்கள். வடிகட்டினால் எண் அழகாக வரும், ஆனால் வடிகட்டியின் வெள்ளை வட்டைப் பாருங்கள். அது நல்ல மஞ்சளாகியிருந்தால் உங்கள் சரக்கு அதில்தான் இருக்கிறது. நீங்கள் அளந்தது தப்பிப் பிழைத்தவற்றை.

உறை போட்டால் நிற்கும் என்றார்கள், போட்டவுடன்தான் திரிந்தது

வெறும் ஜீயின் துகள் நடுநிலை பி.எச்.சையும் உப்பையும் தாங்காது என்பதால் மேலே ஒரு உறை போடுவார்கள். அதிகம் பயன்படுவது சோடியம் கேசினேட். இதில் தப்பு நடப்பது ஒரே இடத்தில்: பழக்கதோஷத்தில் பி.எச். 4 தண்ணீரிலேயே கேசினேட்டைப் போடுகிறார்கள். கேசினின் சமமின்புள்ளி 4.6. தயிர் உறைவதும் அதனால்தான். கேசினேட் என்றால் தண்ணீர் 7 பக்கம் இருக்க வேண்டும். துகளின் மின்சுமை அப்போது எதிர்மறையாக வரும், அது சரிதான். பதறவேண்டாம். சிக்கல் தீரவில்லை, 6-லிருந்து 4.6 பக்கம் நகர்ந்திருக்கிறது. எலுமிச்சை பானத்தில் கலக்கப்போகிறீர்கள் என்றால் இது உதவாது.

கேசினேட் பாலிலிருந்து வருவது. ‘தாவரப் புரதத் துகள்’ என்று தலைப்பு வைத்துவிட்டு மேலே பால் புரதம் பூசுவது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உறுத்தலோடு நிற்காது. தாவர வழியிலேயே போக பெக்டின் அல்லது கம் அரபிக் இருக்கிறது. பெக்டினுக்கு பி.எச். 4 பொருத்தம்: துகள் நேர்மின், பெக்டின் எதிர்மின், தானாகப் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஆனால் ஊற்றும் வரிசை முக்கியம். துகள் கலங்கலைப் பெக்டின் கரைசலுக்குள் ஊற்றுங்கள். பெக்டினைத் துகளுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டால், குறைவாக இருக்கும் ஒவ்வொரு பெக்டின் சங்கிலியும் இரண்டு மூன்று துகளை ஒன்றாகக் கட்டிவிடும். கொத்துக் கொத்தாக விழும். வரிசை சரியாக இருந்தும் கொத்து விழுந்தால் பெக்டினைக் கூட்டுங்கள், குறைக்காதீர்கள்.

பட்டாணிப் புரதம், சோயாப் புரதம் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வரி: அவற்றின் சமமின்புள்ளி 4.5 பக்கம். ஆகவே மேலே நான் ‘4 நல்லது, 6 ஆபத்து’ என்று சொன்னதெல்லாம் உங்களுக்குத் தலைகீழ்.

அடைப்புத் திறன் 99 சதவீதம் வருகிறது

அடைப்புத் திறன் என்பது, போட்ட குர்குமினில் எத்தனை சதவீதம் துகளுக்குள் போனது என்பது. 99 வருவது ஒரு அறிகுறியா என்று கேட்கலாம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கவலை தரும் அறிகுறி. மண்டி விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், 99 சதவீதம் தெரியாது.

வழக்கமான முறை இப்படிப் போகும்: கலங்கலை 10 கிலோடால்டன் அல்ட்ராஃபில்டரில் (துகளைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் நுண்துளைச் சவ்வு) போட்டுச் சுழற்று, கீழே வந்த தெளிந்த நீரில் குர்குமின் எவ்வளவு என்று பார், அதுதான் அடைபடாதது, மொத்தத்திலிருந்து கழி. கரையக்கூடிய மருந்துக்கு இது சரி. குர்குமினோ தண்ணீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. அடைபடாத குர்குமின் கீழே வராது. படிகமாக மேலேயே நிற்கும், போதாததற்குச் சவ்விலும் ஒட்டிக்கொள்ளும். கீழே வந்தது பூஜ்யம், ஆகவே அடைப்பு 99. துகள் நன்றாக இருந்தாலும் 99, மோசமாக இருந்தாலும் 99.

சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு நாள் செலவழித்து இதைச் செய்யுங்கள்: ஜீயினே போடாமல், வெறும் குர்குமினை எத்தனாலில் கரைத்துத் தண்ணீரில் ஊற்றி, அதே வடிகட்டியில், அதே கணக்கைப் போடுங்கள். புரதமே இல்லாத பீக்கரில் அடைப்புத் திறன் 98, 99 என்று வரும். நான் முதலில் இதைச் செய்தபோது அதுவரை நோட்டில் எழுதியிருந்த மூன்று மாத எண்களை அடித்தேன்.

மாற்று வழி, மெனக்கெட வேண்டியதுதான். முதலில் கலங்கலை மென்மையாகச் சுழற்றுங்கள், 3000 ஆர்.பி.எம். பக்கம் பத்து நிமிடம். கனமான படிகங்கள் அடியில் போகும், நானோதுகள் பெரும்பாலும் மேலேயே நிற்கும். மேலே உள்ளதில் அரை மில்லி எடுத்து, கடைசி விகிதம் 80 சதவீத எத்தனாலாக வருமாறு கலந்து, துகளை முழுக்கக் கரைத்து, யூ.வி. கருவியில் 425 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். அடியில் விழுந்ததையும் அதேபோல எத்தனாலில் கரைத்துப் படியுங்கள். ரோட்டாவேப் குடுவைச் சுவரில் ஒட்டியதையும் எத்தனால் விட்டுக் கழுவிப் படியுங்கள். மூன்றையும் கூட்டினால் நீங்கள் போட்ட 10 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 7 தான் வருகிறது என்றால் 3 மில்லிகிராம் எங்கோ சிதைந்திருக்கிறது அல்லது ஒட்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சதவீதம் எழுத வேண்டாம்.

துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் குர்குமினை மட்டும் கழுவி எடுக்கலாம் என்று சுத்த எத்தனால் ஊற்றுகிறவர்கள் உண்டு. யோசனை புத்திசாலித்தனமானது. சுத்த எத்தனாலில் குர்குமின் கரையும், ஜீயின் கரையாது. ஆனால் பெல்லட் (சுழற்றியபின் அடியில் படிந்த துகள்) ஈரமாக இருக்குமே. அதிலிருக்கும் தண்ணீர் எத்தனாலை 90-க்கு இறக்கிவிட, கழுவப்போன துகளே கரைந்து போய்விடும். உலர்ந்த பொடியில் வேண்டுமானால் செய்யுங்கள்.

அடைப்புத் திறன் 100-ஐத் தாண்டுகிறது

இதில் ஒரு நல்ல விஷயம், பார்த்தவுடன் தப்பு என்று தெரிந்துவிடும். பொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஜீயினே மஞ்சள். மக்காச்சோளத்தின் லுட்டீன், ஜியாக்சாந்தின் நிறமிகள் அதோடு சேர்ந்தே வருகின்றன. அவையும் 450 பக்கத்தில் ஒளியை உறிஞ்சும். பிளாங்காக (கருவியில் பூஜ்யம் வைக்கும் ஒப்பீட்டு மாதிரி) வெறும் எத்தனாலை வைத்தால் அந்த மஞ்சளும் குர்குமின் கணக்கில் ஏறிவிடும். பிளாங்க் என்பது, முதலிலேயே செய்து வைக்கச் சொன்னேனே, அந்த வெற்று ஜீயின் துகளை அதே எத்தனாலில் கரைத்தது. அளவுகோல் வரைபடத்தையும் (தெரிந்த அளவு குர்குமினை வைத்து வரைவது) அதே 80 சதவீத எத்தனாலில் போடுங்கள்.

இன்னொரு காரணம், துகளைக் கரைக்காமல் கலங்கலாகவே யூ.வி. கருவியில் வைப்பது. கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும், கருவி அதையும் உறிஞ்சல் என்றே படிக்கும். 600 நானோமீட்டரில் எண் பூஜ்யத்துக்கு மேல் நின்றால் இன்னும் கரையாத துகள் இருக்கிறது.

மஞ்சள் சிவக்கிறது, அல்லது வெளுக்கிறது

சிவந்தால் காரம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்குமே, அதே வேதியியல்தான். எங்கோ பி.எச். 8-ஐத் தாண்டியிருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டபோது ஒரே இடத்தில் கொட்டியிருக்கலாம், அல்லது பீக்கர் கழுவிய சோப்பு மிச்சமிருக்கலாம். நிறம் மாறுவதோடு போகாது. நடுநிலையைத் தாண்டினாலே குர்குமின் வேகமாகச் சிதையும். பி.எச். 7.2 பஃபரில் 37 டிகிரியில் அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் போய்விடும் என்று 1997-லேயே காட்டியிருக்கிறார்கள். அமிலத்தை விட்டு மஞ்சளைத் திரும்ப வரவழைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று நினைக்காதீர்கள். மிச்சமிருப்பது மட்டும்தான் மஞ்சளாகத் தெரிகிறது.

வெளுத்தால் பெரும்பாலும் வெளிச்சம். ஜன்னலோர மேசையில் வைத்த பாட்டிலையும் அலமாரிக்குள் வைத்த பாட்டிலையும் ஒரு வாரம் கழித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலுமினியத் தாளைச் சுற்றுங்கள், சுழற்றும்போதும் சுற்றியே வையுங்கள்.

வெளியீட்டுச் சோதனையில் 24 மணி நேரத்தில் 10 சதவீதம்தான் வெளியே வந்தது

துகள் குர்குமினைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது, ‘நீடித்த வெளியீடு’ என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். துகளைப் போட்டு வைத்த டயாலிசிஸ் பைக்கு (சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) வெளியே இருப்பது வெறும் பாஸ்பேட் பஃபர் என்றால், குர்குமின் வெளியே வந்து எதில் கரையும்? துகள் பிடித்து வைக்கவில்லை, வெளியில் இடமில்லை. வெளி ஊடகம் மொத்தக் குர்குமினைப்போல மூன்று மடங்காவது கரைக்கும் திறனோடு இருக்க வேண்டும். அதற்கு ட்வீன் 80 என்ற சோப்பு மாதிரியான பொருளை ஒரு சதவீதம் வரை சேர்ப்பார்கள். ட்வீன் துகளையே கலைக்கிறதா என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பைக்குள் துகள் இல்லாமல், எத்தனாலில் கரைத்த குர்குமினை மட்டும் போட்டு வையுங்கள். அதுவும் 24 மணி நேரத்தில் 10 சதவீதம்தான் வெளியே வந்தால், நீங்கள் அளந்தது பையின் குணத்தை.

மூன்றாவதாக, ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் வெளியே உள்ளதோடு பைக்குள் மிஞ்சியதையும் அளந்து கூட்டுங்கள். கூட்டுத்தொகை நேரம் ஆக ஆக இறங்கினால், வெளியே வந்த குர்குமின் 7.4-ல் சிதைந்துகொண்டிருக்கிறது. அதோடு, அந்த பாஸ்பேட் பஃபர் சலைனில் 137 மில்லிமோலார் உப்பு இருக்கிறது. உறை போடாத ஜீயின் துகள் அதற்குள் போன சில நிமிடங்களில் திரிந்து கட்டியாகிவிடும். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். அப்புறம் நடப்பது நானோதுகளின் வெளியீடு இல்லை, ஒரு ஜீயின் கட்டியின் வெளியீடு.

ரோட்டாவேப்பில் நுரை, ஃப்ரீஸ் டிரையரில் பாறை

நுரைக்கு மருந்து நிதானம்தான். வெற்றிடத்தை ஒரேயடியாக இறக்காமல் படிப்படியாக இறக்குங்கள், குடுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். புரதம் காற்றுப் பரப்பில் ஏடு கட்டும். அந்த ஏடுதான் சுவரில் காய்ந்து ஒட்டி, பின்னால் செதில் செதிலாக விழுந்து உங்கள் பி.டி.ஐ.யைக் கெடுக்கிறது.

ஃப்ரீஸ் டிரையரில் உறைய வைத்து உலர்த்திய பொடி தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஜீயின் தண்ணீரை வெறுக்கிற புரதம். உறையும்போது பனிப்படிகங்கள் துகள்களை ஓரத்துக்குத் தள்ளி நெருக்கி ஒட்ட வைக்கின்றன. நடுவில் இட்டு நிரப்ப ஏதாவது வேண்டும். ட்ரெஹலோஸ் (ஒரு வகைச் சர்க்கரை) அல்லது சாதாரணச் சர்க்கரையை 2 முதல் 5 சதவீதம் சேர்த்து, தட்டையான பாத்திரத்தில் மெல்லிய படலமாக ஊற்றி, வேகமாக உறைய வையுங்கள். மானிட்டால் அழகான வெள்ளைக் கேக் தரும், ஆனால் தானே படிகமாகித் துகளைக் கைவிட்டுவிடும் என்பதால் நான் விட்டுவிட்டேன். கேக் உள்ளிருந்து பொங்கி வெடித்திருந்தால் எத்தனால் முழுக்கப் போகவில்லை, திரும்ப ரோட்டாவேப்புக்கே போங்கள். பொடியைக் கரைக்கும்போதும் தண்ணீரைக் கொட்டி உடனே குலுக்காமல், கொஞ்சமாக விட்டு ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். உலர்த்தும் முன் இருந்த அளவைப்போல 1.3 மடங்குக்குள் வந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். இரண்டு மடங்கு வந்தால் சர்க்கரையைக் கூட்டிப் பார்ப்பேன்.

இரண்டு வாரத்தில் மேலே வெள்ளைப் பஞ்சு

பூஞ்சணம். எத்தனாலை எடுத்த பிறகு பாட்டிலில் இருப்பது புரதமும் தண்ணீரும், போதாக்குறைக்குச் சர்க்கரை. நம் ஊர் வெயிலில் மேசைமேல் வைத்தால் வராமல் என்ன செய்யும்? 4 டிகிரியில் வையுங்கள், அளவெடுக்க மட்டும் என்றால் சோடியம் அசைடு 0.02 சதவீதம் போடலாம். அது விஷம். பாட்டிலில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், அமிலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அமிலம் பட்டால் நச்சு வாயு வரும் என்பதால் பி.எச். 4 கலங்கலில் போடவே போடாதீர்கள். நடுநிலையில் இருக்கும் கேசினேட் உறைத் துகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் வாரம் ஒருமுறை புதிதாகச் செய்துகொள்வதுதான் நான் செய்வது.